தானாக ஓடும் வாகனம்: தராசு யார் கையில்?

கைத்தொலைபேசியில் இப்போது அடிக்கடி வரும் வீடியோ ஒன்று உண்டு. சாரதி ஆசனம் காலியாக இருக்கும். ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். பின் ஆசனத்தில் இருப்பவர் சிரித்தபடி படம் பிடிப்பார். "மனிதன் ஓட்டுவதை விட இது பாதுகாப்பு" என்று கீழே ஒரு வரி எழுதியிருக்கும்.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இங்கே பேசவேண்டும். பாதுகாப்பு என்று சொல்வது யார்? எதை அளந்து சொன்னார்? சொன்னது பிழைத்துப்போனால் பொறுப்பு யாருடையது? கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வரும் கேள்விகள்தாம் இவை. தராசும் அவர்களுடையது, சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்பதும் அவர்கள் சொல்வது என்றால், எடை சரி என்று எப்படி நம்புவது? வாகனம் செய்து விற்கும் கம்பனியே அதன் பாதுகாப்புக்குச் சான்றிதழும் எழுதிக்கொண்டால் அதுவும் அந்தத் தராசுதான்.

இது வெளிநாட்டு விஷயம், தோட்டத்தில் இருக்கும் நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட முடியாது. நம் பிள்ளைகள் பலர் சாரதித் தொழிலை நம்பிக் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போயிருக்கிறார்கள். 2030ஆம் ஆண்டுக்குள் தன் நகரில் நடக்கும் பயணங்களில் 25 சதவீதத்தைச் சாரதி தேவைப்படாத வாகனங்களுக்கு மாற்றப்போவதாக டுபாய் அரசு 2016இலேயே அறிவித்துவிட்டது. இங்கும், 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியிருக்கிறது. ஜப்பானிலிருந்து வரும் வாகனங்கள் பலவற்றில் தானாகப் பிரேக் பிடிக்கும் கருவியும், வீதிக் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கும் கருவியும் இருக்கின்றன. வான் வாங்கக் கடன் எடுக்கும் தம்பியிடம் விற்பவர் இவற்றைப் பற்றியும் பேசத்தான் போகிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாகனம் வாங்காத நாம்தான் வீதியோரத்தில் அதிகம் நடப்பவர்கள். வாகனத்தை வாங்குபவர் தெரிந்து வாங்குகிறார். வீதியில் நடப்பவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

பெயரில் இருக்கும் ஏமாற்று

"தானாக ஓடும்" என்ற ஒரே சொல்லால் அழைக்கப்படும் வாகனங்கள் எல்லாம் ஒன்றல்ல. எஸ்.ஏ.ஈ. என்ற பொறியியலாளர் அமைப்பு 2014இல் இவற்றை 0 முதல் 5 வரை ஆறு படிகளாக வகுத்தது. 2ஆம் படியில் உள்ள வாகனம் ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் தானே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் வீதியைக் கண்காணிக்க வேண்டியது சாரதிதான். விபத்து நடந்தால் அவர் தலையில்தான் விழும். 4ஆம் படியில்தான், குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும், சாரதியே இல்லாமல் வாகனம் ஓடும். பணம் கொடுத்து மக்கள் சொந்தமாக வாங்கும் வாகனங்களில் கிட்டத்தட்ட எல்லாமே 2ஆம் படியிலோ அதற்குக் கீழோ உள்ளவை.

ஆனால் விற்கும் பெயரைப் பாருங்கள். டெஸ்லா கம்பனி தன்னுடைய 2ஆம் படிக் கருவிக்கு "ஓட்டோபைலட்" என்று பெயர் வைத்தது. அதை விட விலை கூடியதற்கு "முழுமையான சுய ஓட்டம்" என்று பொருள்படும் பெயரை வைத்தது. முழுமையாகத் தானே ஓடும் என்று பெயர். கண்ணை எடுக்காதே என்று கைநூலில் சிறிய எழுத்து. அந்தப் பெயருக்குப் பின்னால் "கண்காணிப்புடன்" என்ற சொல் சேர்க்கப்பட்டது 2024இல்தான்.

ஐரோப்பாவில் வாகனங்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கெப் என்ற அமைப்பு, 2020இல் பத்து வாகனங்களின் ஓட்ட உதவிக் கருவிகளை ஒப்பிட்டது. டெஸ்லாவின் தொழில்நுட்பத்துக்கு நல்ல புள்ளிகள் கிடைத்தன. சாரதியை விழிப்பாக வைத்திருக்கும் விஷயத்தில் அது பின்தங்கியது. ஓட்டோபைலட் என்ற பெயரே ஆட்களைத் தவறாக நினைக்க வைக்கிறது என்று அந்த அமைப்பு சுட்டிக்காட்டியது. பெயரும் பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

2024 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற நிறுவகம் இன்னொரு சோதனையின் முடிவை வெளியிட்டது. காப்புறுதிக் கம்பனிகளின் பணத்தில், இலாப நோக்கில்லாமல் நடக்கும் நிறுவகம் அது. சாரதி வீதியைப் பார்க்கிறாரா, கை ஸ்டீயரிங்கில் இருக்கிறதா, பார்க்காவிட்டால் வாகனம் எவ்வளவு விரைவாக எச்சரிக்கிறது என்று 14 கருவிகளைச் சோதித்தார்கள். கெமராவைத் துணியால் மறைத்தும், ஸ்டீயரிங்கில் பாரம் கட்டியும் ஏமாற்றிப் பார்த்தார்கள். 14இல் 11 "மோசம்" என்ற தரத்தைப் பெற்றன. இரண்டு அதற்குச் சற்று மேலே நின்றன. ஒன்று மட்டும் "ஏற்கலாம்" என்ற தரம் பெற்றது. "நல்லது" என்ற தரத்தை ஒன்றுகூடப் பெறவில்லை. இந்த 14உம் பெயர் பெற்ற கம்பனிகளின் வாகனங்களில் விற்பனையில் இருந்தவை. வெளியார் ஒருவர் தராசைப் பிடித்தபோதுதான் உண்மையான எடை தெரிந்தது.

அரிசோனாவில் யார் குற்றவாளி?

2018 மார்ச் 18ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரில் 49 வயதுப் பெண் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்தார். ஊபர் கம்பனி பரீட்சித்துக்கொண்டிருந்த தானியங்கி வாகனம் மோதி அவர் இறந்துபோனார். சாரதி தேவைப்படாத வாகனம் மோதி வீதியில் நடந்த ஒருவர் இறந்த முதல் சம்பவம் அது.

சாரதி ஆசனத்தில் ஓர் ஊழியர் இருந்தார். அவருடைய வேலை, இயந்திரம் பிழைவிட்டால் பிரேக் பிடிப்பது. அவர் அந்த நேரத்தில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது உண்மை, இதை மறைக்கத் தேவையில்லை. அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையும் விபத்துக்கான உடனடிக் காரணமாக அதையே குறிப்பிட்டது.

ஆனால் அதே சபை 2019 நவம்பரில் மற்ற விபரங்களையும் வெளியிட்டது. மோதுவதற்கு 5.6 வினாடிக்கு முன்பே வாகனத்தின் கருவி அந்தப் பெண்ணைக் கண்டிருந்தது. ஒரு தடவை வாகனம் என்றது, ஒரு தடவை வேறு ஏதோ பொருள் என்றது, ஒரு தடவை சைக்கிள் என்றது. பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில் ஒரு மனிதர் வீதியைக் கடக்கலாம் என்பதே அதற்குக் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. மோதல் நிச்சயம் என்று தெரிந்த பிறகும் ஒரு வினாடி பொறுத்திருக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. அந்த வொல்வோ வாகனத்துக்குச் சொந்தமாக இருந்த அவசரப் பிரேக் முறையை, பரீட்சை ஓட்டத்தின்போது கம்பனி செயலிழக்கச் செய்திருந்தது. முன்பு ஒரு வாகனத்துக்கு இரண்டு ஊழியர்கள் இருந்தார்கள். 2017இல் கம்பனி அதை ஒருவராகக் குறைத்தது. கம்பனியில் பாதுகாப்பை மதிக்கும் பண்பாடு போதாது என்றும், ஊழியர்களை அது ஒழுங்காக மேற்பார்வை செய்யவில்லை என்றும், மாநில அரசின் கண்காணிப்பும் போதவில்லை என்றும் சபை சொன்னது.

முடிவு என்ன? கம்பனி மீது குற்ற வழக்குத் தொடர அடிப்படை இல்லை என்று 2019 மார்ச்சில் அரச வழக்குரைஞர் அறிவித்தார். ஊழியர் மீது 2020இல் வழக்குப் போடப்பட்டது. 2023இல் அவர் சற்றுக் குறைந்த குற்றமொன்றை ஏற்றுக்கொண்டு, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார்.

இரண்டு பேர் பார்த்த வேலையை ஒருவர் தலையில் கட்டியது கம்பனி. பிரேக்கைக் கழற்றி வைத்தது கம்பனி. நீதிமன்றத்தில் நின்றது மணித்தியாலச் சம்பளத்துக்கு வேலை செய்தவர். பெக்டரியில் ரோலரில் கை சிக்கினால் "கையை ஏன் விட்டாய்?" என்று முதலில் கேட்கும் உலகம் நமக்குப் புதிதல்ல. ரோலருக்கு மூடி ஏன் இல்லை என்ற கேள்வி கடைசியில்தான் வரும், சில வேளை வராமலே போகும்.

அதே அமெரிக்காவில் 2025 ஓகஸ்ட் மாதம் வேறு மாதிரியான தீர்ப்பொன்று வந்தது. 2019இல் புளோரிடாவில், ஓட்டோபைலட் இயங்கிக்கொண்டிருந்த டெஸ்லா வாகனம் வீதியோரம் நிறுத்தப்பட்டிருந்த வாகனத்தில் மோதியது. பக்கத்தில் நின்ற 22 வயதுப் பெண் இறந்தார். சாரதி விழுந்த கைத்தொலைபேசியைத் தேடிக் குனிந்திருந்தார். ஜூரிகள் 67 சதவீதப் பொறுப்பைச் சாரதிக்கும் 33 சதவீதப் பொறுப்பைக் கம்பனிக்கும் பிரித்தார்கள். டெஸ்லா ஏறக்குறைய 24 கோடியே 30 இலட்சம் டொலர் செலுத்தவேண்டும் என்றார்கள். மேன்முறையீடு செய்வோம் என்று கம்பனி சொன்னது. எப்படியிருந்தாலும், சாரதியின் தவறு கம்பனியின் தவறை அழித்துவிடாது என்பதைப் பொதுமக்களில் இருந்து தெரிவான அந்த ஜூரிகள் எடுத்துக் காட்டிவிட்டார்கள்.

மறைத்த அறிக்கையும் காட்டிய கணக்கும்

2023 ஒக்டோபர் 2ஆம் திகதி சென் பிரான்சிஸ்கோ நகரில், மனிதர் ஓட்டிய வாகனமொன்று ஒரு பெண்ணை மோதித் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவிட்டது. அவர் விழுந்தது க்ரூஸ் கம்பனியின் சாரதியில்லா டாக்சிக்கு முன்னால். அந்த டாக்சியும் மோதி நின்றது. பிறகு ஓரம் கட்டுவதாக நினைத்து, அடியில் கிடந்தவரை ஏறக்குறைய 6 மீற்றர் இழுத்துக்கொண்டு போனது. மனிதச் சாரதி யாராக இருந்தாலும் இறங்கி அடியில் பார்த்திருப்பார். மத்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் கம்பனி இந்த இழுத்துச் சென்ற விஷயத்தைச் சேர்க்கவில்லை. அந்த மாதமே கலிபோர்னியா மாநிலம் அதன் அனுமதியை நிறுத்தியது. விசாரணையைத் திசைதிருப்பப் பொய்யான அறிக்கை கொடுத்ததை 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டு, கம்பனி 5 இலட்சம் டொலர் அபராதம் கட்டியது. அடுத்த மாதம் தாய்க் கம்பனியான ஜெனரல் மோட்டர்ஸ் அந்த டாக்சித் தொழிலுக்குப் பணம் போடுவதையே நிறுத்திக்கொண்டது. கம்பனி எழுதித் தருவதை மட்டும் படித்துவிட்டு அரசாங்கம் முடிவெடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மனிதச் சாரதிகள் பிழைவிடாதவர்கள் அல்லர். உலகில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் இறப்பதாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்ல பகுதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை மலையகம் மறக்காது. இயந்திரத்துக்குத் தூக்கம் வராது, மதுவும் தேவையில்லை. அதனால் உயிர்கள் காப்பாற்றப்படுமானால் அதைத் தடுக்க எந்தத் தொழிற்சங்கத்துக்கும் உரிமை கிடையாது.

ஆனால் "காப்பாற்றப்படும்" என்பதை எப்படி நிரூபிப்பது? அமெரிக்காவின் ரான்ட் ஆய்வு நிறுவகம் 2016இல் ஒரு கணக்குப் போட்டது. மரண விபத்து விகிதத்தில் மனிதச் சாரதிக்கு இயந்திரம் குறைந்ததல்ல என்று உறுதியாகச் சொல்ல, அது 27 கோடியே 50 இலட்சம் மைல் ஒரு மரணமும் இல்லாமல் ஓடியிருக்கவேண்டும். 100 வாகனங்கள் இரவு பகலாக, மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓடினாலும் அதற்குப் பன்னிரண்டரை ஆண்டுகள் பிடிக்கும். சில ஆயிரம் மைல் ஓடிவிட்டு "விபத்தே இல்லை" என்று விளம்பரம் செய்வதற்கு என்ன பெறுமதி என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சாரதியில்லா டாக்சியில் இன்று முன்னால் நிற்பது கூகுளின் தாய்க் கம்பனிக்குச் சொந்தமான வேமோ. ஸ்விஸ் ரீ என்ற காப்புறுதிக் கம்பனியோடு சேர்ந்து 2 கோடியே 53 இலட்சம் மைல் ஓட்டத்தை அது ஆராய்ந்தது. மனிதர் ஓட்டும் வாகனங்களை விடச் சொத்துச் சேதத்துக்கான கோரிக்கைகள் 88 சதவீதமும், உடற்காயத்துக்கான கோரிக்கைகள் 92 சதவீதமும் குறைவு என்று 2024 டிசம்பரில் அறிவித்தது. நல்ல செய்திதான். இருந்தாலும் ஆய்வு செய்தவர்களில் கம்பனியின் ஆட்களும் உண்டு. அந்த வாகனங்கள் ஓடியது கம்பனி தெரிந்தெடுத்து, வரைபடம் தயாரித்து வைத்த நகரப் பகுதிகளில். பாலைவன நகரமான பீனிக்ஸின் அகன்ற நேர் வீதியில் பெற்ற நற்சான்றிதழை ரம்பொடைப் பனிமூட்டத்துக்கோ, லயத்துக்கு இறங்கும் குண்டும் குழியுமான தோட்டப் பாதைக்கோ கொண்டுவந்து காட்ட முடியாது. எந்த இடத்தில், எந்தக் காலநிலையில் சோதிக்கப்பட்டதோ அந்த இடத்துக்கும் காலநிலைக்கும்தான் அந்தச் சான்றிதழ் செல்லும்.

செய்ய முடிந்தது என்ன?

பிரித்தானியா 2024 மே 20ஆம் திகதி தானியங்கி வாகனச் சட்டமொன்றை நிறைவேற்றியது. கவனமும் திறமையும் உள்ள மனிதச் சாரதிக்குச் சமமாக அல்லது அதற்கு மேலாக வாகனம் இருக்கவேண்டும் என்பதை அது அளவுகோலாக வைத்திருக்கிறது. அனுமதி பெற்ற வாகனம் தானாக ஓடும் வேளையில், அது ஓடிய விதத்துக்காக ஆசனத்தில் இருப்பவர் மீது குற்றம் சுமத்த முடியாது. பதில் சொல்லவேண்டியது அனுமதி பெற்ற நிறுவனம். தானாக ஓடாத வாகனத்தைத் தானாக ஓடும் என்று விளம்பரம் செய்வது குற்றம். விபத்தை ஆராயத் தனியான பரிசோதகர்களும் உண்டு. 2027இன் பிற்பகுதியில் இதை முழுமையாக நடைமுறைப்படுத்த அந்நாட்டு அரசு திட்டமிட்டிருக்கிறது.

இந்தக் கொள்கை நமக்கும் புதிதல்ல. நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையின்போது காயப்பட்ட தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று மட்டும் சொல்லி முதலாளி தப்பிவிட முடியாது என்பது அதன் அடிப்படை. வேலைத்தலத்தையும் இயந்திரத்தையும் யார் அமைத்தாரோ, இலாபத்தை யார் எடுக்கிறாரோ, அவர் ஆபத்தின் பாரத்தையும் சுமக்கவேண்டும். ரோலருக்குப் பொருந்திய நியாயம் கணினிக்கும் பொருந்தும்.

அமெரிக்காவின் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் இதற்காகப் போராடி வருகிறது. கனரகத் தானியங்கி லொறிகளில் பயிற்சி பெற்ற மனிதர் ஒருவர் இருக்கவேண்டும் என்ற சட்டமூலம் கலிபோர்னியாச் சட்டசபையில் 2023இலும் 2024இலும் நிறைவேறியது. இரண்டு தடவையும் ஆளுநர் கையொப்பமிட மறுத்தார். வேலையைக் காக்கும் கோரிக்கை என்று கம்பனிகள் அதைக் குறை சொல்கின்றன. வேலையும்தான், வீதியில் போகிறவர் உயிரும்தான். இரண்டையும் சேர்த்துப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே, புதிதாக வாகனம் வாங்கப் போகும் நம் பிள்ளைகள் விற்பவரிடம் சில கேள்விகளைக் கேட்கட்டும். இந்தக் கருவி எனக்கு உதவி செய்வதா, என் பொறுப்பையும் எடுத்துக்கொள்வதா? கம்பனிக்கு வெளியே யார் இதைச் சோதித்தார், என்ன தரம் கொடுத்தார்? மழையிலும் மூட்டத்திலும் கோடு போடாத வீதியிலும் இது வேலை செய்யுமா? கண்ணாடி மாற்றிய பிறகு கெமராவைச் சரிபார்க்க இங்கே ஆள் உண்டா? நேரான பதில் வராவிட்டால், அந்தக் கருவி இல்லை என்று நினைத்துக்கொண்டே ஓட்டுங்கள். வெளிநாட்டில் சாரதி வேலைக்குப் போகும் தம்பிமார், தானியங்கி வாகனத்தைக் கண்காணிக்கும் வேலை கிடைத்தால், விபத்து நடந்தால் பொறுப்பு யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். வாசிக்க முடியாவிட்டால் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நம் அரசாங்கத்திடம் கேட்கவேண்டியதும் உண்டு. இந்த வாகனங்கள் பெரிய அளவில் வந்து இறங்கிய பிறகு சட்டம் எழுதக்கூடாது. கம்பனிக்குக் கட்டுப்படாத சோதனை, மறைக்க முடியாத விபத்து அறிக்கை, இயந்திரம் ஓட்டும்போது நிறுவனத்துக்கே பொறுப்பு ஆகிய மூன்றும் முதலிலேயே எழுத்தில் இருக்கவேண்டும். அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும் மேசையில் வாகனம் இறக்குமதி செய்பவர்கள் எப்படியும் இருப்பார்கள். பஸ் சாரதிக்கும், முச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கும், விடிகாலையில் பெரட்டுக்கு வீதியோரமாக நடந்து போகும் அக்காவுக்கும் அங்கே ஒரு நாற்காலி வேண்டும்.